கலத்துக்குள் ஒரு கை

பம்பக்கா என்றால்தான் அந்தக் கட்டடத்தில் அவளைத் தெரியும். வீட்டில் வைத்த பெயர் மாதம் ஒரு தடவை சம்பளச் சீட்டில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஆராய்ச்சிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத நீள அறை. அதன் நடுவில் உட்கார்ந்த ஆள் உயரத்துக்கு ஓர் எஃகுக் கலம். அதற்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் பம்புகள் அவள் பொறுப்பு. உலகத்தில் எல்லாரும் எதையாவது சேர்த்து வைக்கப் பாடுபடுவார்கள். இவள் ஒன்றுமில்லாததைச் சேர்த்து வைக்கப் பாடுபட்டாள், அதில் கெட்டிக்காரி என்றும் பெயர் வாங்கியிருந்தாள். வாய்த்துடுக்கு வேறு. புதிதாக வரும் மாணவர்கள் திறந்த கலத்துக்குள் தலையை நீட்டினால், "உள்ள தும்மினா உன் ஜலதோஷம் ஒரு வருஷம் அங்கேயே கெடக்கும், தள்ளி நில்லு" என்பாள். அது பாதி கேலி, பாதி உண்மை.

அந்தக் கலத்தில் நடக்கிற காரியத்தை அவள் தன் வீட்டுக்காரருக்கு விளக்கியது இப்படி.

"ஒரு கண்ணாடிச் சட்டிய உடைக்கிறோம். சில்லு எங்கெங்க போய் விழுந்துச்சுன்னு பாக்கிறோம். அத வச்சு சட்டி எப்படி இருந்துச்சுன்னு சொல்றோம்."

"உடைக்கிறதுக்கு முன்னாடியே சட்டிய ஒரு தடவ பாத்துட்டா வேல முடிஞ்சுதே."

"பாக்கிற அளவுக்கு அது பெருசா இருந்தா நான் ஏங்க அங்க சம்பளம் வாங்கறேன்?"

அவள் சொன்ன சட்டி, ஒரு மூலக்கூறு. உடைக்கிற கல், லேசர் வெளிச்சம். அந்த வெளிச்சம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று கேட்டால் தலை சுற்றும். ஒரு நொடியைக் கோடிக் கூறாக வெட்டி, அதில் ஒரு கூறை எடுத்து மறுபடியும் கோடிக் கூறாக வெட்டினால், அப்படி இரண்டு மூன்று கூறு. அவ்வளவுதான் அதன் ஆயுள். ஆனால் அதற்குள் அது செய்கிற அக்கிரமம் கொஞ்சநஞ்சமில்லை. மூலக்கூறைக் கட்டி வைத்திருக்கும் எலெக்ட்ரான்களை ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது. மிச்சம் இருக்கும் அணுக்கள் எல்லாம் ஒரே மின்னூட்டத்தோடு நிற்கின்றன, ஒன்றுக்கொன்று ஆகாது. நடுவில் இருந்து சமாதானம் செய்தவர் போன பிறகு பங்காளிகள் என்ன செய்வார்களோ அதையே அவையும் செய்கின்றன. வெடித்துச் சிதறி, ஆளுக்கொரு திசையில் ஓடி, ஒரு தகட்டில் மோதிப் புள்ளி புள்ளியாக மினுங்கும். கனம் குறைந்த துண்டு முந்தி வரும், கனமானது பிந்தி வரும். ஒன்று கிழக்கே பறந்தால் அதன் ஜோடி மேற்கே பறந்தே தீர வேண்டும். வெடிக்கும் அந்த நேரத்தில் அணுக்களுக்கு இடம் மாறக்கூட அவகாசம் கிடையாது. அதனால் புள்ளிகளை வைத்துத் திரும்பிப் போனால் உடைந்த பொருளின் உருவம் கிடைத்துவிடும்.

இதில் ஒரு விஷயத்தை யாரும் அவ்வளவாக யோசிப்பதில்லை. பார்ப்பதற்கு உடைக்க வேண்டும். உடையாதது அங்கே கண்ணுக்குத் தெரியாது.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு அளவுக்கும் முன்னால், கலத்துக்குள் எந்த வாயுவையும் விடாமல், லேசரை மட்டும் ஓட்டிப் பார்ப்பார்கள். வெறும் ஓட்டம் என்று அதற்குப் பெயர். என்னதான் பம்பு இழுத்தாலும் கலத்துக்குள் கொஞ்சம் ஈரம், கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும். அவையும் உடைந்து புள்ளி போடும். அந்தப் புள்ளிகளைக் கணக்கெடுத்து, பிறகு வருகிற நிஜக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். கழிக்காவிட்டால் குப்பையெல்லாம் கண்டுபிடிப்பாகிவிடும். வெறும் ஓட்டத்தில் உட்கார யாருக்கும் பிடிக்காது. அறையில் கறுப்புத் திரைச்சீலை, விளக்கு அணைத்தாயிற்று, பம்புகளின் முனகல் ஒன்றுதான் துணை. நாம் எதையும் உள்ளே விடவில்லை என்று நமக்கே தெரியும். ஆனாலும் எதிரில் இருக்கும் கணினித் திரையில் எதுவோ உடைந்து உடைந்து மினுங்கிக்கொண்டிருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்; அரளாதவனுக்கும் அங்கே கொஞ்சம் உதறும். பம்பக்காவுக்கு உதறாது. வெறும் ஓட்டம் அவள் வேலை.

அவள் வீட்டுக்காரரும் அதே கட்டடம்தான். கீழ்த்தளத்தின் மறுகோடியில் இருந்த பட்டறையில் கடைசல்காரர். பேச்சு குறைவு, கை அதிகம். எதையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவார். மேஜையைத் துடைத்தேன் என்றால் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். காய்ச்சல் இல்லை என்று அவள் சத்தியம் செய்தாலும் நெற்றியில் புறங்கையை வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். கலத்துக்குள் இருந்த பாகங்களில் பாதி அவர் கடைந்தவை.

ஒருநாள் உள்ளே ஒரு தாங்கியை மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கலத்தைத் திறந்தால் கையுறை இல்லாமல் எதையும் தொடக்கூடாது, அது அங்கே வேதவாக்கு. மனுஷத் தோலில் இருக்கும் எண்ணெயும் உப்பும் எஃகில் ஒட்டிக்கொண்டால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெற்றிடத்தைக் கெடுக்கும். அவர் கையுறையோடுதான் உள்ளே கையை விட்டார். திருகு மரையில் ஏற மறுத்தது. அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் இரண்டு கையுறையையும் கழற்றி இடுப்பில் செருகிவிட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"கையுறை போட்டா கை மரத்த மாதிரி இருக்கு. மரை ஏறுதா இல்லையான்னே தெரியல."

வலது கை திருகை ஏற்றியது. இடது கை ஊன்றிக்கொள்ள உட்சுவரில் பதிந்தது. வெளியே எடுத்தபோது எஃகின் பளபளப்பில் ஒரு முழுக் கை மங்கலாகப் படிந்திருந்தது. அவள் அதைக் காட்டினாள். அவர் சட்டைக் கையால் ஒரு இழுப்பு இழுத்தார், அது இன்னும் மோசம். முறையாகச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் கரைப்பானும் துணியும் எடுத்துவந்து ஒரு மணி நேரம் ஆகும். மேலே ஆய்வுத் தலைவர் எப்போது மூடுவீர்கள் என்று இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். கையுறை இல்லாமல் தொட்டது தெரிந்தால் கடைசல்காரருக்குத்தான் பேச்சு விழும்.

"விடு. அடுப்பேத்தும்போது போயிடும்" என்றார் அவர்.

அடுப்பேற்றுவது என்பது அவர்கள் அறையின் சொல். கலத்தை மூடிய பிறகு அதைச் சுற்றிச் சூடேற்றும் பட்டையைக் கட்டி, அலுமினியத் தாளால் போர்த்தி, கொதிநீரைவிட அதிகச் சூட்டில் நாள்கணக்கில் வைத்திருப்பார்கள். சுவரில் ஒட்டியதெல்லாம் ஆவியாகிப் பம்பு வழியாக வெளியே போய்விடும். அடுத்த வாரம் அடுப்பேற்றுவதாக இருந்தது. அவள் கலத்தை மூடினாள். தப்பு என்று தெரிந்து, புருஷனுக்காகச் செய்த தப்பு.

அடுத்த வாரம் வருவதற்குள் அவர் போய்விட்டார். பட்டறையில் கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கை கழுவப் போகிறேன் என்று போனவர், குழாயடியிலேயே உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று யாரோ போய்ப் பார்த்தார்கள். நெஞ்சு நின்றிருந்தது. மின்மயானத்தில் அந்த இரும்புக் கதவு மேலே தூக்கி, அவரை உள்ளே வாங்கிக்கொண்டு இறங்கியது. பம்பக்கா கண்ணீர் விடவில்லை. இது என்ன சூட்டில் எரியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றாள். புத்தி சில நேரம் அப்படித்தான், அழ வேண்டிய இடத்தில் அளக்கும்.

வீட்டுக்கு நாத்தனார் வந்தாள். அண்ணனைப் பறிகொடுத்தவள், சும்மா உட்கார முடியவில்லை. பம்பக்கா மாத்திரை போட்டுத் தூங்கிய ஒரு பகலில் வீட்டையே துவைத்துப் போட்டுவிட்டாள். சட்டை, லுங்கி, தலையணை உறை, போர்வை, அவர் கைதுடைக்கும் எண்ணெய்த் துணி வரைக்கும். எழுந்து வந்து பார்த்தால் மாடிக் கொடியில் வரிசையாக எல்லாம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"எதப் பாத்தாலும் உங்களுக்கு அண்ணன் ஞாபகம் வருமேன்னுதான் அண்ணி" என்றாள் நாத்தனார். "சுத்தமா இருந்தா மனசும் கொஞ்சம் லேசாகும்."

பம்பக்கா ஒரு சட்டையைக் கொடியிலிருந்து உருவி முகத்தில் வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசனை அடித்தது. நல்லது செய்ய வந்தவளை என்ன சொல்வது. "சரி" என்றாள். அலமாரியிலும் படுக்கையிலும் மனுஷன் இருந்த சுவடே இல்லை.

அவள் திரும்ப வேலைக்கு வந்தபோது கலத்தை யாரும் அடுப்பேற்றியிருக்கவில்லை. அது அவள் வேலை, அவள் இல்லாமல் யாரும் தொட மாட்டார்கள். அழுத்தமானி காட்டிய எண் பரவாயில்லாமல் இருந்ததால் அப்படியே வேலையை ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தார்கள். காலையில் அவள் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெறும் ஓட்டத்தைத் தொடங்கினாள்.

முதலில் வழக்கமான கூட்டம் வந்தது. ஹைட்ரஜன், தண்ணீர் உடைந்த துண்டுகள், காற்றின் மிச்சம். அவளுக்கு எல்லாம் தெரிந்த முகம். அப்புறம், வரக்கூடாத இடங்களில் வேறு புள்ளிகள் வந்தன. கரியும் ஹைட்ரஜனும் ஒட்டிய துண்டுகள். ஒரு கரி, இரண்டு கரி, மூன்று கரி. எண்ணெய்ப் பசையுள்ள நீண்ட சங்கிலிகள் உடைந்தால் வருகிற வரிசை அது. நடுவில் மூன்று ஹைட்ரஜன் தனியாகக் கைகோத்துக்கொண்டு ஓடிவரும் ஒரு துண்டும் இருந்தது. மூலக்கூறு உடையும்போது அதில் இருக்கும் ஹைட்ரஜன்கள் சில நேரம் இப்படிக் கூட்டுச் சேர்ந்துகொண்டு தப்பித்து ஓடும்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கலத்தைச் சுற்றிப் போய், உள்ளே அந்தக் கை படிந்திருக்கும் இடத்துக்கு நேர் வெளியே நின்றாள். எஃகு சில்லென்று இருந்தது. கையுறையைக் கழற்றினாள். வெளிப்பக்கம்தானே, தொட்டால் பாதகமில்லை. தன் உள்ளங்கையை அந்த இடத்தில் அழுத்தி வைத்தாள். நடுவில் இருந்தது ஒரு விரல்கடைத் தடிமன் இரும்பு.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் புள்ளிகள் கூடத் தொடங்கின. ஒன்றிரண்டாக, பிறகு சரசரவென்று. கையை எடுத்தாள். மெதுவாகக் குறைந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி கூடியது.

காரணம் அவளுக்குத் தெரியும். கைச்சூடு இரும்பில் இறங்குகிறது, உட்சுவர் ஒரு துளி வெதுவெதுப்பாகிறது, ஒட்டியிருப்பது கொஞ்சம் கூடுதலாக ஆவியாகிறது. வேறொன்றுமில்லை. வேறொருத்தி கையை வைத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். இதையெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பிறகும் அவளுக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. இருட்டில் பம்புகள் முனகின. "ஏங்க" என்று கூப்பிட்டுவிட்டாள். வாய் தவறி வந்ததுதான். கை இன்னும் இரும்பில் இருந்ததால் திரையில் புள்ளிகள் கூடிக்கொண்டே போயின.

அன்று அவள் செய்தது ஒரு சின்ன வேலை. அளவுக்காகக் காத்திருந்தவள் சின்ன டாக்டர். புதிதாகப் பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்த ஆய்வாளர், எல்லாரும் கேலியாக அப்படிக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. அன்றைய வெறும் ஓட்டத்தின் பதிவை அவளிடம் கொடுத்தால் முதல் பார்வையிலேயே, அக்கா கலம் அழுக்கா இருக்கு, அடுப்பேத்துங்க என்பாள். அதில் தப்பும் இல்லை. அதனால் பம்பக்கா அன்றையதை மறைத்து, பழைய வெறும் ஓட்டத்தின் பதிவு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கடைசல்காரர் கையை வைப்பதற்கு முந்தின மாதத்தது. சுத்தமானது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அதையே கொடுத்தாள்.

அவள் முகத்தில் களை வந்ததைப் பார்த்து மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். காலம் எல்லாக் காயத்தையும் ஆற்றும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவளோ எல்லாருக்கும் முன்னால் வந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, கலத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, கையை இரும்பில் வைத்து உட்கார்ந்திருப்பாள். நாத்தனார் போன் செய்ததைச் சொல்வாள். குழாய் ஒழுகுவதைச் சொல்வாள். வீட்டில் பேசியதைவிட இங்கே அவரிடம் அதிகம் பேசினாள். தகட்டில் சில புள்ளிகள் ஜோடி இல்லாமல் விழும். எதிர்த்திசையில் போனதைத் தகடு கவனிக்கத் தவறியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒற்றைப் புள்ளி விழும்போதெல்லாம் அதன் ஜோடி விழ வேண்டிய இடத்தையே அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எத்தனை நாள் அப்படிப் போனது என்று அவள் எண்ணவில்லை. ஒருநாள் புள்ளிகள் முன்புபோலக் கூடவில்லை என்று பட்டது. கையை அழுத்தினாள், இன்னும் அழுத்தினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாளே தவிர, அவள் உடைத்துக்கொண்டிருந்தாள். தன் கையால் சூடேற்றி அவரைச் சுவரிலிருந்து உரித்து, வெளிச்சத்துக்கு நேராக அனுப்பி, சில்லுச் சில்லாகச் சிதற விட்டு, அதைத்தான் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே மினுங்கின ஒவ்வொரு புள்ளியும் இனி இல்லாதது. நாத்தனார் ஒரே நாளில் துவைத்தாள்; இவள் தவணையில் செய்தாள்.

அன்றிலிருந்து கையை வைப்பதை நிறுத்தினாள். ஆனால் வெறும் ஓட்டத்தை நிறுத்த முடியவில்லை. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும். தான் எதற்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்று யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

சின்ன டாக்டர் இதற்கிடையில் குதித்துக்கொண்டிருந்தாள். அவள் அளந்த மூலக்கூறிலிருந்து கைகோத்த மூன்று ஹைட்ரஜன் துண்டு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வந்தது. பழைய வெறும் ஓட்டத்தைக் கழித்தாள், அப்போதும் போகவில்லை. வெளிச்சத்தின் வலுவை மாற்றினாள், போகவில்லை. அந்த மூலக்கூறு யாரும் நினைக்காத ஒரு வழியில் உடைகிறது என்று முடிவுக்கு வந்தாள். ஆய்வுத் தலைவர் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். அடுத்த வாரம் வெளியூரில் ஒரு பெரிய கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச ஏற்பாடு. சின்ன டாக்டரின் வேலை தற்காலிகம். இந்தக் கண்டுபிடிப்பு நின்றால் அவள் நிலைப்பாள்.

பம்பக்காவுக்கு அது என்ன துண்டு, எங்கிருந்து வருகிறது என்று தெரியும். வாய்வரைக்கும் வந்ததைப் பல தடவை விழுங்கினாள். சொன்னால் அடுப்பேற்றச் சொல்வார்கள். அவரை ஒரு முறை அடுப்பேற்றியாகிவிட்டது. இன்னொரு முறை, அதுவும் தன் கையால் சுவிட்சைப் போட்டு, அவளால் ஆகாது.

கிளம்புவதற்கு முன்னால் சின்ன டாக்டர் அறைக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு சின்ன உதவி. இப்ப என் கண்ணு முன்னாடி ஒரு வெறும் ஓட்டம் ஓட்டிடலாமா? கூட்டத்துல யாராச்சும் கேட்டா, நானே உக்காந்து பாத்தேன்னு சொல்லணும்."

"இப்பவா?"

"ஆமா. சீக்கிரம் முடிச்சுடலாம். எனக்கு இந்த இருட்டுல தனியா உக்காரப் பிடிக்காது. உங்களுக்கு எப்படித்தான் முடியுதோ. அப்புறம், சிரிக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். நீங்க கலத்துக்குப் பக்கத்துல வந்து நின்னீங்கன்னா புள்ளி ஜாஸ்தியாகுது. நாலஞ்சு தடவ பாத்துட்டேன். இந்த மெஷினுக்கு உங்களைத் தெரியும்னு நெனைக்கிறேன்."

பம்பக்கா சிரிக்கவில்லை. விளக்கை அணைத்தாள். திரைச்சீலையை இழுத்தாள். லேசரின் வலுவை மாற்றும் திருகு அவள் விரலுக்கடியில் இருந்தது. ஒரு சுற்றில் பாதி குறைத்தால் போதும். வெளிச்சத்துக்கு எலெக்ட்ரானைப் பிடுங்கும் பலம் போய்விடும், எதுவும் உடையாது, திரை கறுப்பாகக் கிடக்கும். இருட்டில் யாருக்குத் தெரியப் போகிறது. பெண்ணும் சந்தோஷமாக ஊருக்குப் போவாள், அவரும் இங்கேயே இருப்பார்.

"உங்க வெறும் ஓட்டத்த நம்பித்தான்க்கா நான் எல்லாத்தையும் கழிச்சேன்" என்றது இருட்டில் சின்ன டாக்டரின் குரல். சும்மா, பேச்சுக்குச் சொன்னதுதான்.

அவளுக்கு அவர் நினைவுதான் வந்தது. மயிரிழை பிசகின பாகத்தைப் பட்டறையிலிருந்து வெளியே விட்டதே இல்லை அந்த மனுஷன். பிசகினதைக் குப்பையில் போட்டுவிட்டு, சாப்பிடாமல் நின்று மறுபடியும் கடைவார். அவர் பெயரால் ஒரு பெண்ணைப் பொய்யோடு மேடையில் ஏற்றுவதா? விரலைத் திருகிலிருந்து எடுத்துவிட்டு, லேசரை முழு வலுவில் திறந்தாள்.

புள்ளிகள் வந்தன. உள்ளே எதுவும் விடப்படாத கலத்திலிருந்து, கரிச் சங்கிலி முறைப்படி வரிசையாக வந்தது. மூன்று ஹைட்ரஜன் கைகோத்துக்கொண்டு வந்தது. சின்ன டாக்டர் திரைக்கு அருகில் போனாள்.

"வாயுவ விட்டுட்டீங்களா அக்கா?"

"இல்ல. வால்வு மூடித்தான் இருக்கு."

"அப்ப இது என்ன?"

பம்பக்கா சொன்னாள். கழற்றிய கையுறை, ஊன்றிய கை, கொடுத்த பழைய ஓட்டம், எல்லாவற்றையும். விளக்கைப் போடாமலேயே சொன்னாள், அது ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்த சலுகை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவள் தான்தான் என்று தெரிந்தே சொன்னாள். சொல்லி முடித்தும் புள்ளிகள் வந்துகொண்டிருந்தன.

சின்ன டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப ரெண்டு மாசமா," என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். பிறகு மெதுவான குரலில் கேட்டாள். "ரெண்டு மாசமா நான் உங்க வீட்டுக்காரரையா அளந்துக்கிட்டிருந்தேன்?"

அறை குளிர்ந்து கிடந்தது. இரண்டு பேரும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சின்ன டாக்டருக்குக் கோபம் வந்தது, வர வேண்டியதுதான். கூட்டம், வேலை, தலைவரிடம் இனி எந்த முகத்தோடு போய் நிற்பது, எல்லாவற்றையும் கேட்டாள். பம்பக்கா எதையும் மறுக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே களைத்துப்போனாள். எழுந்து லேசர் வெளிச்சத்தை மறைக்கும் கதவை அடைத்தாள். திரை இருண்டது.

"அடுப்பேத்தணும்க்கா."

"தெரியும்."

"நான் வேணா பண்ணவா? எப்படின்னு சொல்லிக் குடுங்க."

"வேணாம்" என்றாள் பம்பக்கா. "நானே பண்றேன்."

மறுநாள் காலை அவள் பட்டையைச் சுற்றினாள். அந்தக் கை இருக்கும் இடத்தில் மட்டும் பட்டையை இரண்டு தடவை எடுத்துவிட்டுத் திரும்பச் சுற்றினாள். அலுமினியத் தாளால் போர்த்தி, மடிப்பை நீவி விட்டாள். சுவிட்சைப் போட்டாள். தாளுக்குள்ளிருந்து இரும்பு சூடாகும் சின்னச் சின்னச் சொடுக்குச் சத்தம் வந்தது.

மதியத்துக்கு மேல் அழுத்தமானியில் எண் ஏறத் தொடங்கியது. அடுப்பேற்றும்போது ஏறத்தான் செய்யும். சுவரில் ஒட்டியது எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புகிறதே. ஏறி ஏறி, ஒரு உச்சிக்குப் போய், பிறகு இறங்கும். இறங்கிவிட்டால் முடிந்தது, கலம் சுத்தம். அவள் இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை பார்த்த ஏற்றம்தான் இது. இன்று அந்த எண்கள் ஏறும்போது யாரோ உள்ளே பெரிதாக மூச்சை இழுப்பதுபோல அவளுக்கு இருந்தது. பம்பின் முனகல் கனத்து, சத்தம் தாழ்ந்தது.

அவள் எழுந்து வெளியே நடந்தாள். "எங்கக்கா?" என்று சின்ன டாக்டர் கேட்கும்போதே வாசலைத் தாண்டியிருந்தாள். தாழ்வாரத்தைக் கடந்து, பட்டறையின் பூட்டின கதவைக் கடந்து, கட்டடத்தின் பின்பக்கம் வந்தாள். பழைய மேஜைகள், உடைந்த நாற்காலிகள், சுவரோரம் புல். அங்கே, அவள் தலைக்கு ஒரு முழம் மேலே, சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு குழாய் வெளியே எட்டிப் பார்த்தது. உள்ளே கலத்திலிருந்து பம்பு இழுப்பதெல்லாம் கடைசியில் வெளியே விடப்படுவது அதன் வழியாகத்தான்.

அதில் பெரும்பாலும் ஈரம்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். கொழுப்புச் சங்கிலிகள் பாதிக்கு மேல் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும் என்றும் தெரியும். வெளியே வருவதும் வந்த கணத்தில் ஊர்க்காற்றில் கலந்து காணாமல் போகும். தெரிந்த எதுவும் அவளைத் தடுக்கவில்லை. ஒரு பழைய நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு, அதன் மேல் ஏறி, குழாயின் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. வாசனை என்று எதுவும் இல்லை.

நெஞ்சு கொள்ளுமட்டும் அதை உள்ளே இழுத்தாள். இழுத்துவிட்டு உதட்டை மூடிக்கொண்டாள்.

"அக்கா, எண்ணு எறங்க ஆரம்பிச்சுடுச்சு" என்று சொல்லிக்கொண்டே சின்ன டாக்டர் பின்வாசலுக்கு வந்தாள். நாற்காலி மேல் நிற்பவளைப் பார்த்து அப்படியே நின்றாள். "அக்கா, அங்க என்ன பண்றீங்க?"

பதில் சொன்னால் மூச்சு போய்விடும். பம்பக்காவுக்குக் கண் பிதுங்கியது, காதுக்குள் அடித்தது, விலா நடுங்கியது. வாயைத் திறக்காமல், கையை மட்டும் உயர்த்தி, இரு என்று காட்டினாள்.